இலையின் மூப்பும் இறப்பும்: ஒரு மெய்யியல் நோக்கு

காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்பது யாழ்ப்பாணத்தார் நாவிற் பயிலும் பழமொழி. முதியோரை எள்ளும் இளையோர்க்கு எச்சரிக்கையாகச் சொல்லப்படும் இக்கூற்றினுள் தாவரவியல் சார்ந்த வினா ஒன்றும் அடங்கிக் கிடக்கின்றது. காவோலை ஏன் விழுகின்றது? நெடுநாள் ஓடிய வண்டிச்சில்லுத் தேய்வதுபோல ஓலையும் தேய்ந்து மடிகின்றதா? அன்றிக் குருத்தோலைக்கு இடங்கொடுக்கும் பொருட்டே அது மடிகின்றதா? முன்னது உண்மையாயின் இலையின் இறப்பு வெறும் நிகழ்ச்சியே. பின்னது உண்மையாயின் அதற்கொரு நோக்கம் உண்டென்றாகும். நோக்கம் உண்டெனப்பட்டதும் அதனை மனிதருக்குப் பாடமாக்கும் ஆசை எழுகின்றது. மரத்தின் நலனுக்காக இலை உதிர்வதுபோல இனத்தின் நலனுக்காக, நாட்டின் நலனுக்காகத் தனிமனிதன் உதிர்தலே அறம் என்று மேடைகளிற் பலகாலும் பேசப்பட்டுள்ளது. இப்பேச்சு இலையைப் பற்றிய உண்மையின்மீது நிற்கின்றதா, நின்றாலும் அவ்வுண்மை மனிதன்வரை நீளுமா என்பன ஆராயத்தக்கன.

தேய்வு என்னும் விளக்கம் முதற்பார்வைக்கு இயல்பானதாகவே தோன்றும். வெயிலும் காற்றும் பூச்சியும் தாக்க இலை பழுதடைகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின் தேய்வே முதன்மைக் காரணமாக இருந்தால், கடுமையான சூழலில் வாழும் இலை விரைவில் மடிதலும் இதமான சூழலில் வாழும் இலை நெடிது நிற்றலும் வேண்டும். உலகம் அவ்வாறு அமையவில்லை. அமெரிக்க மேற்கு மலைகளின் குளிரிலும் வறட்சியிலும் வளரும் பிரிசில்கோன் பைன் மரத்தில் ஊசியிலைகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் பச்சையாய் நிலைப்பதுண்டு. தென்மேற்கு ஆபிரிக்காவின் நமீபுப் பாலைவனத்தில் வாழும் வெல்விச்சியா, வித்திலைகளுக்குப் பின்னர் இரண்டே இலைகளை விடுகின்றது. அடியில் வளர்ந்தும் நுனியிற் காய்ந்தும் அவ்விரு இலைகளே அச்செடியோடு பல நூற்றாண்டுகள் வாழ்கின்றன. இலங்கையின் ஈரவலயத்து இறப்பர் மரமோ, மழையும் வெப்பமும் குறைவின்றிப் பெற்றும், ஆண்டின் தொடக்க மாதங்களில் தன் இலை முழுவதையும் சில கிழமைகளுள் உதிர்த்துவிட்டுப் புதுத் தளிர் விடுகின்றது.

இதனினும் வலிய சான்று எவர்க்கும் எளிதிற் கிட்டுவது. இலைகள் செறிந்த மாங்கிளையொன்றை வெட்டி வெயிலிற் போட்டால், இலைகள் சுருண்டு கபில நிறமாகிச் சருகாகும். ஆனால் அவை கிளையைவிட்டு எளிதிற் கழலா. உலுக்கினும் காம்பு விடாது. மாறாக, உயிருள்ள மரத்திற் பழுத்த இலை காற்றசைவு இல்லாதபோதும் தானே கழன்று விழுகின்றது. இவ்வேறுபாட்டின் காரணம் காம்பின் அடியிலுள்ள மெல்லிய கலப்படையாகும். காலம் வரும்போது அப்படையிலுள்ள கலங்கள் நொதியங்களைச் சுரந்து, தம்மை ஒன்றோடொன்று ஒட்டிவைத்துள்ள பொருளைக் கரைக்கின்றன. இலை விலகியபின் வடுவின்மேல் காப்புப்படை உருவாகின்றது. இவையாவும் உயிருள்ள கலங்களின் தொழில். செத்த கிளையினால் இலையை உதிர்க்க இயலாது. உதிர்தல் என்பது இலைக்கு நேரும் விபத்தன்று, மரம் செய்யும் செயல் என்பதை இவ்வெளிய காட்சி நிறுவுகின்றது.

தேய்வுக் கொள்கைக்கு மற்றுமோர் இடர்ப்பாடு புகையிலையிலிருந்து வருகின்றது. செடியின் நுனியை முறித்துப் பக்கக் குருத்துகளையும் கிள்ளிவிட்டால் எஞ்சிய இலைகள் தடித்து, நெடுநாள் பசுமையாய் நிற்கும் என்பதைப் புகையிலை பயிரிடுவோர் நன்கறிவர். ஆய்வுகூடங்களில் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். முற்றாக மஞ்சளித்த அடியிலைக்குச் சற்று மேலே தண்டைத் துணித்துவிட்டபோது, மடிவின் விளிம்பிலிருந்த அவ்விலை மீளப் பச்சையாயிற்று. இழந்த பச்சையத்தையும் புரதங்களையும் அது புதிதாய் ஆக்கிக்கொண்டது. தேய்ந்த சில்லு எதுவும் இவ்வாறு மீள்வதில்லை. மேலே வளரும் குருத்து இருக்கும்வரை மடியத் தொடங்கிய இலை, அக்குருத்து அகற்றப்பட்டதும் வாழத் தொடங்குகின்றது என்றால், மூப்பின் காரணத்தை இலைக்குள் மாத்திரம் தேடுதல் போதாது.

அவ்வாறாயின் மூப்படையும் இலைக்குள் நிகழ்வது யாது? அது ஒழுங்கான கலைப்பு வேலை எனலே பொருத்தமாகும். இலையிலுள்ள நைதரசனில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, ஒளித்தொகுப்பு நிகழும் பச்சையவுருமணிகளில் புரதங்களாக முடங்கியுள்ளது. மூப்பின்போது முதலிற் கலைக்கப்படுபவையும் இவ்வுருமணிகளே. அவற்றின் புரதங்கள் அமினோவமிலங்களாக உடைக்கப்பட்டு, நரம்புகளிலுள்ள உரியத்தின் வழியே குருத்துக்கும் வித்துக்கும் தண்டுக்கும் அனுப்பப்படுகின்றன. பொசுபரசும் பொற்றாசியமும் அவ்வாறே வெளியேறுகின்றன. கல்சியம் பெரும்பாலும் இலையிலேயே தங்கிவிடுகின்றது. இவ்வேலைக்கு வேண்டிய சக்தியைத் தரும் இழைமணிகளும் கட்டளைகளை வைத்திருக்கும் கலக்கருவும் இறுதிவரை காக்கப்படுகின்றன. பழுக்கும் இலையில் நரம்போரப் பச்சை ஈற்றில் மறைவதைப் பலரும் கண்டிருப்பர். பொருள் வெளியேறும் பாதை கடைசிவரை திறந்திருத்தல் வேண்டும் என்பதை நோக்கின் அது வியப்பன்று.

பச்சையத்தின் கதை தனியே சொல்லத்தக்கது. பச்சைநிறம் மறைந்தபின் வெளித்தெரியும் மஞ்சள், முன்பே அங்கிருந்த கரற்றினொயிட்டுகளுக்கு உரியது. குளிர்நாடுகளிற் காணப்படும் செந்நிறமோ அந்தோசயனின் என்னும் நிறப்பொருள் அவ்வேளையிற் புதிதாக ஆக்கப்படுவதால் வருவது. ஆனாற் பச்சையம் எங்கே போயிற்று என்பது நெடுங்காலம் விடையற்ற வினாவாகவே இருந்தது. நிறமற்ற பொருளைத் தேடுதல் எளிதன்று. 1991 இல் கிறோய்ற்லர், மாத்தில் ஆகியோரும் அவர்தம் உடனாய்வாளரும் மூப்படைந்த பார்லி இலைகளிலிருந்து பச்சையத்தின் நிறமற்ற எச்சமொன்றைப் பிரித்து அதன் கட்டமைப்பை வெளியிட்டனர். இங்கு குறிப்பிடற்பாலது யாதெனில், பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றிலுமுள்ள நான்கு நைதரசன் அணுக்களை இலை மீட்டெடுப்பதில்லை. எச்சங்கள் கலத்தின் புன்வெற்றிடத்தினுள் ஒதுக்கப்பட்டு இலையோடே விழுகின்றன. பயனில்லையேல் இலை ஏன் இத்துணை பாடுபட்டுப் பச்சையத்தை உடைக்கின்றது? புரதத்திலிருந்து விடுபட்ட பச்சையம் ஒளியை உறிஞ்சிக் கலத்தை எரிக்கும் நச்சாக மாறவல்லது. புரதத்தை மீட்க வேண்டுமாயின் முதலிற் பச்சையத்தை ஊறற்றதாக்கல் வேண்டும். தன் வேலையை முடிக்குமுன் இறந்துவிடாதிருக்க, மடியும் இலை தன்னைக் காத்துக்கொள்கின்றது. இறத்தல் என்னும் ஒரே சொல்லால் இதனையும் வெட்டிய கிளையின் சருகையும் குறிக்கும் வழக்கம் மொழியின் வறுமை போலும்.

பசுமையை உயிரெனவும் மஞ்சளை இறப்பெனவும் கொள்ளும் வழக்கமும் திருத்தப்பட வேண்டியதே. கிரெகர் மெண்டல் 1866 இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்கொண்ட ஏழு பண்புகளுள் பட்டாணி வித்தின் மஞ்சள், பச்சை நிறங்கள் ஒன்று. அப்பச்சைக்குக் காரணமான பரம்பரையலகு எதுவென்பது 2007 இல் துணியப்பட்டது. பச்சையத்தைக் கலைக்க உதவும் அலகு அது. அது பழுதுற்ற செடியின் வித்துகள் பச்சையாகவே நிற்கின்றன. அதன் இலைகளும் மூப்பிற் பச்சை மாறுவதில்லை. ஆயினும் அவ்விலைகள் இளமையோடு இருப்பதாகக் கருதுதல் தவறு. ஒளித்தொகுப்பு அவற்றிலும் வழக்கம்போலவே குன்றுகின்றது. நிறம் மாத்திரம் எஞ்சுகின்றது.

மூப்பின் கட்டளை எங்கிருந்து வருகின்றது என்ற வினாவுக்கு வியன்னாவைச் சேர்ந்த ஹான்ஸ் மோலிஷ் தம் நூலில் ஒரு விடை தந்தார். காயும் வித்தும் உணவை ஈர்த்துக்கொள்வதால் செடி வறிதாகி இறக்கின்றது என்பது அவர் கருத்து. பேராதனைப் பூங்காவிலுள்ள தாளிப்பனைகளைக் கண்டோர்க்கு இக்கருத்து உடனே ஏற்புடையதாகும். பல பத்தாண்டுகள் இலையை மாத்திரமே விட்டு வளரும் அம்மரம் ஒரே ஒருமுறை பேரளவிற் பூத்துக் காய்த்துப் பின் மடிகின்றது. சோயா அவரையில் நெற்றுகளை அகற்றிவிட்டால் இலைகள் நெடுநாள் பச்சையாய் நிற்பதும் அதற்குத் துணை செய்யும். எனினும் 1959 இல் லியோபோல்டும் உடனாய்வாளரும் ஸ்பினாச் கீரையில் நிகழ்த்திய சோதனை இவ்விளக்கத்தின் எல்லையைக் காட்டியது. காய்க்காத ஆண்செடிகளும் மூப்படைகின்றன. அவற்றின் சிறு பூக்களைக் கிள்ளிவிட்டாலும் மூப்புப் பிந்துகின்றது. அத்துணை சிறு பூக்கள் உண்ணும் உணவு செடியை வறிதாக்கப் போதாது. ஆகவே உணவு ஈர்ப்பன்றி, ஏதோ ஒரு செய்தியும் இலையை எட்டுகின்றது எனக் கொள்ளவேண்டியதாயிற்று.

அச்செய்திகளிற் சில இன்று அறியப்பட்டுள்ளன. கைனெற்றின் என்னும் பொருளில் இட்டுவைத்த கொய்த இலைகள் புரதத்தை இழப்பது தாமதமாகின்றது என 1957 இல் றிச்மண்டும் லாங்கும் காட்டினர். அவ்வினத்தைச் சேர்ந்த சைற்றோகைனின்கள் வேரிற் பெருமளவில் ஆக்கப்பட்டு இலைக்கு ஏறுபவை. மூப்புத் தொடங்கும்போது இலை தானே சைற்றோகைனினை ஆக்குமாறு மாற்றப்பட்ட புகையிலைச் செடியை 1995 இல் கானும் அமசினோவும் உருவாக்கினர். அதன் அடியிலைகள் மேலிலைகள் போன்றே பசுமையாய் நின்றன. எதிலீன் வாயு இதற்கு மறுதலையாக மூப்பையும் உதிர்வையும் முடுக்குகின்றது. உதிர்வின் பெயரையே தாங்கிய அப்சிசிக் அமிலத்துக்கு இலையுதிர்விற் பெரும்பங்கு இல்லை என்பது பின்னரே தெளிவாயிற்று. பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. அறிவியலிலும் சூட்டிய பெயரை மாற்றுதல் அரிது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், மரத்தின்பொருட்டு இலை மடிகின்றது என்ற கூற்று வெறும் கவிதையன்று என்பது புலனாகும். 2006 இல் கோதுமையில் வெளியான கண்டுபிடிப்பு இதற்கு அளவோடு கூடிய சான்று தருகின்றது. காட்டுக் கோதுமையிற் செயற்படும் பரம்பரையலகொன்று இலையின் மூப்பை விரைவுபடுத்துகின்றது. அவ்வலகையும் அதன் உறவலகுகளையும் அடக்கியபோது மூப்பு மூன்று கிழமைகளுக்கு மேற் பிந்தியது. ஆனால் தானியத்தின் புரதமும் நாகமும் இரும்பும் 30 சதவீதத்துக்கு மேற் குறைந்தன. இலை நெடிது வாழ, வித்து வறியதாயிற்று.

பொருட்டு என்ற சொல்லே மெய்யியலார்க்குப் பழைய சிக்கல். இலைகள் கனிக்கு நிழல் தருதற் பொருட்டு உள்ளன என்று அரிஸ்டோட்டில் தமது பௌதிகம் என்னும் நூலில் எடுத்துக்காட்டாகக் கூறினார். காண்ட் 1790 இல் வெளியிட்ட தீர்ப்பாற்றல் பற்றிய நூலில் மரத்தையே இயற்கை நோக்கத்தின் முன்மாதிரியாக எடுத்தார். இலை மரத்தால் உண்டாக்கப்படுவது. அதே இலை மரத்தைக் காப்பது. மீண்டும் மீண்டும் இலையை உருவிவிட்டால் மரமே மடியும். பகுதியும் முழுமையும் ஒன்றுக்கொன்று காரணமும் காரியமுமாய் நிற்கின்றன என்பது அவர் காட்டிய அழகு. ஆயினும் இந்நோக்கம் இயற்கையில் உள்ளதெனக் கூற அவர் துணியவில்லை. மனித அறிவு உயிர்களை விளங்கிக்கொள்ளும் வழி அது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். டார்வினுக்குப் பிந்திய உயிரியல், நோக்கமின்றியே நோக்கம் போன்றது எவ்வாறு தோன்றும் என்பதற்கு இயற்கைத் தேர்வு என்னும் விடையைத் தந்தது.

அவ்விடையைப் பிழைபடப் பயன்படுத்தியோரும் உளர். ஓகஸ்ட் வைஸ்மன் 1881 இல் நிகழ்த்திய உரையொன்றில், பழுதுற்ற உயிர்கள் இனத்துக்குப் பயனற்றவை, நல்லவற்றின் இடத்தை அடைத்துக்கொள்பவை, எனவே இறப்பு இனத்தின் நன்மைக்காகக் கூர்ப்பிலே தோன்றியது என்று வாதித்தார். கேட்போர் உள்ளத்தைக் கவரும் வாதந்தான். ஆனாற் பழுதுற்றவை என்று தொடங்கும்போதே மூப்பு முன்கூட்டி எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது. அன்றியும், இனத்துக்காக விலகும் உயிருக்கு வழித்தோன்றல் குறையும். விலகாத உயிருக்கே வழித்தோன்றல் பெருகும். 1952 இல் வெளிவந்த தமது உரையிற் பீற்றர் மெடவர் வேறு விளக்கம் தந்தார். விபத்தும் நோயும் நிறைந்த இயற்கையில் முதுமையை எட்டுவோர் சிலரே. ஆதலால் முதுமையில் மாத்திரம் தீங்கு செய்யும் பரம்பரையலகுகளை இயற்கைத் தேர்வு களைவதில்லை. விலங்கின் மூப்பு எவர் நன்மைக்காகவும் வந்ததன்று, கவனிப்பாரின்றிப் புகுந்தது.

விந்தை யாதெனில், முழு உயிருக்குப் பொருந்தாத வைஸ்மனின் வாதம் இலைக்கு நன்கு பொருந்துகின்றது. ஏன்? இலைக்கெனத் தனி வழித்தோன்றல் இல்லை. அதன் கலங்கள் தாங்கும் பரம்பரையலகுகள் குருத்திலும் வேரிலும் வித்திலும் உள்ள அவையே. வித்துச் செழிப்பின் இலையின் அலகுகளும் செழிக்கும். இலைக்கும் மரத்துக்கும் இடையே நலமுரண் எழ இடமே இல்லை. இலையின் இறப்பு ஒழுங்கானதாக, சிக்கனமானதாக, முரண்பாடற்றதாக இருப்பதற்கு இதுவே காரணம். தியாகம் என்று அதனை வருணிக்கத் தோன்றுவதும் இதனாலேயே. ஆனால் இக்காரணமே அவ்வருணனையைத் தகர்த்தும் விடுகின்றது. இழப்பதற்குத் தனக்கெனத் தனிநலம் உடையதுதான் தியாகம் செய்யக்கூடும். மறுக்க வல்லதுதான் கொடுக்கவும் வல்லது. இலை இரண்டும் அன்று.

மனிதனோ தனிநலம் உடையவன், மறுக்க வல்லவன். சமுதாயத்தை உயிருடம்பாக உருவகிக்கும் வழக்கம் மிகப் பழையது. கிளர்ந்து வெளியேறிய உரோமப் பொதுமக்களிடம் வயிற்றுக்கும் உறுப்புகளுக்கும் நேர்ந்த பிணக்கைக் கதையாகச் சொல்லி மெனேனியஸ் அகிரிப்பா அவர்களை மீட்டார் என்று லிவி எழுதிவைத்தார். கதை சொன்னவர் வயிற்றின் பக்கத்தவர் என்பது மறக்கத்தக்கதன்று. சமுதாயமாகிய உடம்பைப் பற்றி விரிவாக எழுதிய ஹேர்பேட் ஸ்பென்சரே 1860 ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு பெரும் வேறுபாட்டை ஒப்புக்கொண்டார். விலங்குடம்பில் உணர்வு ஓரிடத்திற் குவிந்துள்ளது. சமுதாயத்தில் அது உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் உள்ளது. ஆகவே உறுப்பினரின் நலனுக்காகவே சமுதாயம், சமுதாயத்தின் நலனுக்காக உறுப்பினர் அல்லர் என்பது அவர் முடிபு. ஸ்பென்சரின் ஏனைய முடிபுகள் பலவற்றோடு உடன்படாதோரும் இதனை மறுத்தல் கடினம். நாடு வலிப்பதில்லை. வலிப்பது நாட்டில் வாழ்வோர்க்கே.

இதனோடு சேர்த்து நோக்கவேண்டியது மற்றொன்று. மரத்தில் ஓர் இலை மற்றோர் இலையைப் பார்த்து உதிர்க என்பதில்லை. வேரிலிருந்தும் குருத்திலிருந்தும் வரும் செய்திகள் முழுச்செடியின் நிலையைச் சுமந்து வருபவை. மனிதரிடையே அவ்வாறன்று. மரத்தின் பெயரால் உதிரச் சொல்பவனும் ஓர் இலையே. பெரும்பாலும் அவன் உதிரும் வரிசையில் நிற்பதில்லை. இனத்தின் பெயரால் இளைஞரை மடியச் சொன்ன மேடைகளிலும், இளையோர்க்கு இடமில்லையென்று முதியோரைப் பயனற்றவராய்த் தள்ளிய பேச்சுகளிலும் இவ்வொரு குறை பொதுவாய்க் காணப்படும்.

இலையுவமையை அடியோடு விலக்கவேண்டும் என்பது இதன் பொருளன்று. வாழ்நாளின் ஈற்றில் தம் அறிவையும் பொருளையும் பிறர்கையில் ஒப்புவிக்கும் முதியவர் ஒருவர், தம்மைப் பழுத்த இலையென்று கூறிக்கொள்வாராயின் அதில் உண்மையும் அமைதியும் உண்டு. பழுத்தலும் ஒருவகை உழைப்பே என்பதை மேற்கூறிய தாவரவியல் செய்திகள் அவர் பக்கம் நின்று மெய்ப்பிக்கும். அதே சொற்களை அவரைச் சுட்டி வேறொருவர் கூறும்போது உவமை கட்டளையாகிவிடுகின்றது. செய்தி ஒன்றே, கூறும் வாய் மாற அறமும் மாறுகின்றது.

யாழ்ப்பாணத்துப் பழமொழி இவ்விடத்திற் பல மெய்யியலாரினும் அவதானமாக நடந்துகொள்கின்றது. பனையின் முதிர்ந்த ஓலை, மாவின் பழுத்த இலைபோலக் காம்படியிற் கழன்று விழுவதன்று. காய்ந்தபின்னும் மட்டையோடு நெடுநாள் மரத்திற் தொங்கிக் காற்றாலோ கத்தியாலோ நிலத்தை அடைவது. அதன் வீழ்ச்சி குருத்துக்காக என்று பழமொழி கூறவில்லை. விழுதல் நன்றென்றும் கூறவில்லை. குருத்தோலை சிரித்தது என்பதை மாத்திரம் கூறி நிறுத்திவிடுகின்றது. கேட்போர் சிந்தை தானாகவே குருத்தோலையின் நாளையை நோக்கிச் செல்கின்றது.